புது நாட்டில் வேலை தேடலும் நம்முடைய குணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்து வேலை தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். முன்னால் சொன்னதையே மறுபடி சொல்லாமல் இருக்க எண் போட்டிருக்கிறோம்.

1. ஆளுமைப் பண்புன்னா என்னங்க? நல்லவன், கெட்டவன்னு பிரிக்கிறதா?

இல்லை. ஒருவர் பெரும்பாலான நேரங்களில் எந்தப் பக்கம் சாய்வார் என்பதுதான் பண்பு. ஆய்வாளர்கள் இதை ஐந்தாகப் பார்க்கிறார்கள்: ஆட்களோடு பழகுவதில் தெம்பு பெறும் வெளிமுகத்தன்மை, எடுத்ததை முறையாக முடிக்கும் பொறுப்புணர்வு, விட்டுக்கொடுத்துப் போகும் இணக்கம், பழகாததைத் தேடிப்போகும் புதுமை நாட்டம், அடி வாங்கினாலும் சீக்கிரம் சமநிலைக்கு வரும் மன நிதானம். ஒவ்வொன்றும் உயரம் மாதிரி ஓர் அளவு. பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள். இரண்டு நுனியிலும் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்.

அளந்து பார்க்க விரும்பினால் ஐபிஐபி என்ற பொதுவுடைமை வினாத்தொகுப்பின் 120 வாக்கியச் சோதனையை இணையத்தில் இலவசமாகவே செய்யலாம். நான்கு எழுத்துகளில் உங்களை ஒரு வகைக்குள் அடைக்கும் எம்பிடிஐ வேறு சமாச்சாரம். அதை ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது.

2. குணத்துக்கும் வேலை கிடைக்கிறதுக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது, ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. 2001இல் கான்ஃபர், வான்பெர்க், கான்ட்ரோவிட்ஸ் மூவரும் வேலை தேடல் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருவர் எவ்வளவு தீவிரமாகத் தேடுகிறார் என்பதோடு வெளிமுகத்தன்மைக்கும் பொறுப்புணர்வுக்கும் நல்ல தொடர்பு இருந்தது. அந்தத் தேடலுக்கும் கடைசியில் வேலை கிடைப்பதற்கும் உள்ள தொடர்பு அதைவிட மெலிது.

அதாவது குணம் நேராக வேலை வாங்கித் தருவதில்லை. எத்தனை பேரிடம் பேசுகிறீர்கள், எத்தனை நாள் விடாமல் தேடுகிறீர்கள், நேர்காணலில் என்ன சொல்கிறீர்கள் என்பதைத்தான் அது பாதிக்கிறது. அதற்கு அப்பால் மொழி, உரிமம், பெயர், அறிமுகம், சந்தை நிலவரம் எல்லாம் நிற்கின்றன. இதில் நல்ல செய்தி, குணத்தை மாற்றாமலே இந்தச் செயல்களை மாற்ற முடியும் என்பது. கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியதுதான்.

3. அஞ்சுல எது ரொம்ப முக்கியம்?

வேலைக்குச் சேர்ந்த பிறகு எவ்வளவு நன்றாகச் செய்வீர்கள் என்று கேட்டால் பொறுப்புணர்வு. 1991இல் பாரிக், மவுன்ட் இருவரும் வெளியிட்ட தொகுப்பாய்வில் எல்லா வகைத் தொழில்களிலும் ஓரளவு கைகொடுத்த ஒரே பண்பு அதுதான். விற்பனையிலும் மேலாண்மையிலும் வெளிமுகத்தன்மையும் சேர்ந்துகொண்டது.

வெளிநாட்டில் பணிபுரிகிறவர்களைப் பற்றி மோல் குழு 2005இல் செய்த தொகுப்பில் ஒரு வியப்பு இருந்தது. புதுமை நாட்டம்தான் முதலில் நிற்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. வெளிமுகத்தன்மை, மன நிதானம், இணக்கம், பொறுப்புணர்வு, கூடவே உள்ளூர் மொழி, இவைதான் நின்றன. புது ஊரைப் பார்த்துப் பரவசப்படுவதும் திங்கட்கிழமை காலை குழப்பமான கூட்டத்தில் நிதானமாக உட்கார்ந்திருப்பதும் வெவ்வேறு திறமைகள் போலும்.

4. நாடு விட்டு நாடு வர்றவங்களே தைரியசாலிங்கதானே? அப்போ எங்க எல்லாருக்கும் ஏற்கெனவே அந்தக் குணம் இருக்கும்ல?

ஓரளவு. குடிபெயர நினைப்பவர்களிடம் சாதிக்கும் வேட்கை கூடுதலாகவும், உறவுகளோடு ஒட்டியே இருக்கும் நாட்டம் குறைவாகவும் இருக்கும் என்று போனேவாவும் ஃப்ரீஸும் 2001இல் எழுதினார்கள். ஆனால் துணையோடு வந்தவர், போருக்குத் தப்பி வந்தவர், படிக்க வந்து தங்கிவிட்டவர் எல்லோரும் ஒரே மாதிரித் தேர்வானவர்கள் அல்லர். தவிர, எல்லோருக்கும் இருக்கும் பண்பு யாரையும் தனித்துக் காட்டாது. இதை நம்பி இருக்க வேண்டாம்.

5. என் பட்டம் இங்க செல்லாதுங்கறாங்க. ஆனா நான் கடுமையா உழைப்பேன், நல்லாப் பழகுவேன். அது போதாதா?

தொழிலைப் பொறுத்தது. உங்கள் தொழில் அந்த நாட்டில் உரிமம் தேவைப்படும் தொழிலா என்று முதல் வாரத்திலேயே பாருங்கள். மருத்துவம், செவிலியர் பணி, ஆசிரியப் பணி, சட்டம், மின்பணி எல்லாம் பல நாடுகளில் அந்தப் பட்டியலில் வரும். உரிமம் இல்லையென்றால் குணம் எவ்வளவு இருந்தாலும் கதவு திறக்காது. மென்பொருள், விற்பனை, பெரும்பாலான அலுவலக வேலைகளுக்கு உரிமம் கிடையாது. அங்கே உங்கள் பட்டம் உள்ளூர்ப் பட்டத்துக்கு ஈடானது என்ற சமநிலைச் சான்று உதவும், கட்டாயமில்லை.

உரிமத்துக்கு வேண்டியவை வழக்கமாக இவை: பல்கலைக்கழகம் முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்பும் மதிப்பெண் பட்டியல், பாட விவரம், சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு, பார்த்த வேலையையும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் குறிப்பிடும் பழைய முதலாளியின் கடிதம், மொழித் தேர்வுச் சான்று. மாதக்கணக்கில் இழுத்தடிப்பது பெரும்பாலும் இரண்டு காரணங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருப்பது ஒன்று. மொழிச் சான்று காலாவதியாவது இன்னொன்று. ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வுகளின் முடிவைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குத்தான் ஏற்பார்கள். அதனால் மற்ற ஆவணங்கள் கைக்கு வரும் தறுவாயில் தேர்வு எழுதுவது புத்திசாலித்தனம்.

புது நாட்டில் ஒரு சின்னப் படிப்பாவது படிப்பது வீணில்லை. இஸ்ரேலில் குடியேறியவர்களைப் பற்றிய ஃப்ரீட்பெர்கின் 2000ஆம் ஆண்டு ஆய்வில், வெளிநாட்டில் படித்த படிப்புக்கு மதிப்பு குறைவாகக் கிடைத்தது. ஆனால் வந்த பிறகு மேற்கொண்டு படித்தவர்களுக்கு அந்தப் பழைய படிப்பின் மதிப்பும் சேர்ந்து உயர்ந்தது.

6. நான் கூச்ச சுபாவம். நெட்வொர்க்கிங், நெட்வொர்க்கிங்னு உயிரை எடுக்கறாங்க. ஆளுங்க நிறைஞ்ச இடத்துக்குப் போனாலே எனக்கு வேர்க்குது. என்ன பண்ண?

கூட்டத்துக்குப் போக வேண்டாம். அறிமுகம் என்றால் நூறு பேரிடம் அட்டை நீட்டுவது என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பாஸ்டன் அருகே வேலை மாறியவர்களைப் பற்றிய ஆய்வைச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் வெளியிட்டார். ஆள் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த ஆளை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. மீதிப் பேருக்கு உதவியது எப்போதாவது பார்க்கும் பழைய சக ஊழியர், கூடப் படித்தவர், தூரத்துப் பழக்கம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் இருப்பவருக்குத்தான் வேறு சேதி தெரியும். வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்டின் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்து, 2022இல் வெளியான சோதனையின் முடிவும் ஏறக்குறைய இதேதான், ஒரு திருத்தத்தோடு: மிகத் தூரமும் வேண்டாம், மிதமான தூரம் சிறப்பு.

இது கூச்ச சுபாவிகளுக்குச் சாதகமான செய்தி. மிதமான பழக்கத்தை எழுத்தில், ஒருவரோடு ஒருவராக வளர்க்கலாம். வாரத்துக்கு மூன்று பேருக்கு ஐந்து வரிக் கடிதம் போதும். நீங்கள் யார் என்று ஒரு வரி, அவரை ஏன் தேர்ந்தீர்கள் என்று ஒரு வரி, தெரிந்துகொள்ள விரும்பும் ஒரே விஷயம், 15 நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா என்ற கேள்வி, நன்றி. வேலை கேட்காதீர்கள். கேட்டால் 'இப்போது காலியிடம் இல்லை' என்று பதில் முடிந்துவிடும். இந்தத் துறைக்குள் புதிதாக வருகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள், என் பின்னணிக்கு இங்கே என்ன பதவிப்பெயர் பொருந்தும் என்று கேளுங்கள், பேச்சு நீளும். கடைசிக் கேள்வி எப்போதும் இதுதான்: வேறு யாரிடம் பேசினால் நல்லது என்று நினைக்கிறீர்கள்?

பலர் பதில் தரமாட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள், பிறகு விட்டுவிடுங்கள். பேசியவர்களுக்கு அன்றைக்கே நன்றி எழுதி, ஐந்தாறு வாரம் கழித்து அவர் சொன்னதை வைத்து என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி அனுப்புங்கள். இந்தக் கடைசி வேலையைக் கலகலப்பானவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை. அடுத்த புது ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். அமைதியானவர்கள் ஜெயிக்கும் இடம் இது.

7. 200 விண்ணப்பம் போட்டாச்சு. எக்செல்ல கலர் கலரா கணக்கு வெச்சிருக்கேன். ஒண்ணும் நகரல. இதுக்கு மேல என்ன உழைப்பு?

பொறுப்புணர்வு அதிகம் உள்ளவர்கள் விழும் பள்ளம் இது. விண்ணப்பத்தை எண்ண முடியும், ஆளோடு பேசியதை எண்ணுவது கடினம். அதனால் எண்ணக்கூடிய வேலைக்குள் ஒளிந்துகொள்கிறோம். 200 என்ற எண்ணைத் தள்ளிவைத்து, எந்தப் படியில் அறுகிறது என்று பாருங்கள். நான்கு எண்கள் போதும்: விண்ணப்பம், முதல் தொலைபேசி அழைப்பு, நேர்காணல், கடைசிச் சுற்று.

முப்பது, நாற்பது விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்புகூட இல்லையென்றால் கோளாறு காகிதத்தில். வழக்கமான குற்றவாளிகள்: இரண்டு பத்தி வடிவமும் கட்டங்களும் போட்ட பயோடேட்டாவை நிறுவனத்தின் மென்பொருள் தாறுமாறாகப் படிப்பது, பழைய நாட்டின் பதவிப்பெயர் இங்கே யாருக்கும் புரியாதது, பழைய நிறுவனம் என்ன செய்கிறது, எத்தனை பேர் என்று ஒரு வரி விளக்கம் இல்லாதது, வேலை செய்யும் அனுமதி இருந்தும் அதைச் சொல்லாதது, வெளிநாட்டுத் தொலைபேசி எண். புகைப்படமும் பிறந்த தேதியும் சில நாடுகளில் வழக்கம், சில நாடுகளில் பார்த்ததும் ஒதுக்கிவைப்பார்கள். அந்த நாட்டு மாதிரி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அழைப்பு வந்து அதோடு நின்றால் தொலைபேசியில் பேசும் மொழி, சம்பள எதிர்பார்ப்பு, அனுமதி பற்றிய குழப்பமான பதில் என்று தேடுங்கள். கடைசிச் சுற்றில் நின்றால் உதாரணங்களிலும் பரிந்துரைப்பவர்களிலும் சிக்கல். அழைத்தால் எடுக்காத பழைய மேலாளரின் பெயர் உங்களுக்கே எதிராகப் போகும். நேர வித்தியாசத்தைச் சொல்லி, அவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

அளவு என்று கேட்டால், வாரத்துக்கு ஐந்திலிருந்து எட்டு விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், அதிலும் பெரும்பகுதி பயோடேட்டாவின் முதல் பத்து வரிக்கு. மிச்சமாகும் நேரத்தில் 6இல் சொன்ன கடிதங்களையும் மொழியையும் கவனியுங்கள்.

8. என் பேரைப் பார்த்தே ஒதுக்கறாங்களோன்னு தோணுது. இது என் மனப்பிரமையா?

மனப்பிரமை இல்லை. டொரன்டோவில் சுமார் 13,000 போலி பயோடேட்டாக்களை அனுப்பிச் செய்த சோதனையை ஓரியோபொலஸ் 2011இல் வெளியிட்டார். படிப்பும் அனுபவமும் கனடாவிலேயே பெற்றதாகப் போட்டிருந்தும், இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு ஆங்கிலப் பெயர்களைவிட அழைப்பு தெளிவாகக் குறைந்தது. அனுபவம் முழுதும் வெளிநாட்டில் என்றால் இன்னும் சரிந்தது. சுவீடனிலும் அமெரிக்காவிலும் இதே வகைச் சோதனைகள் இதே பக்கம்தான் காட்டின.

டொரன்டோ ஆய்வில் இன்னொரு சங்கதி கவனிக்க வேண்டியது. ஆள் எடுப்பவர்களைக் கேட்டால் மொழிதான் கவலை என்றார்கள். சரி என்று மொழிச் சரளம், பன்னாட்டு நிறுவன அனுபவம், பெயர்பெற்ற கல்லூரி எல்லாவற்றையும் பயோடேட்டாவில் சேர்த்துப் பார்த்தபோதும் இடைவெளி குறையவில்லை. காகிதத்தில் எதை எழுதினாலும் தீராத ஒரு பங்கு இருக்கிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

நடைமுறையில் இதற்குப் பொருள், காகிதம் மட்டும் போகும் வழியை நம்பியிருக்காமல் உங்கள் குரலும் முகமும் முதலில் போகும் வழிகளைக் கூட்டுவது: பரிந்துரை, குறுகிய காலப் பணி, பயிற்சிப் பணி, உங்கள் வேலையையே காட்டும் மாதிரித் தொகுப்பு. பெயரைச் சுருக்குவதா, மாற்றுவதா என்பது உங்கள் விருப்பம். சிலருக்கு அது வெறும் வசதி, சிலருக்குத் தன்னையே விற்ற உணர்வு. இரண்டாவது வகை என்றால் செய்யாதீர்கள். அந்த மனநிலையோடு நேர்காணலில் உட்கார முடியாது.

9. இன்டர்வியூல நம்மளை நாமே புகழ்ந்து பேசணுமாம். எனக்கு அது வாயில வரமாட்டேங்குது.

புகழ வேண்டாம், விவரம் சொல்லுங்கள். 'நான் சிறந்த தலைவன்' என்பது தற்பெருமை. 'ஆறு பேர் குழு, மூன்று வாரம் தாமதமாகியிருந்த வேலை, நான் தினமும் காலையில் பத்து நிமிடக் கூட்டம் தொடங்கி வைத்தேன், கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்னால் முடிந்தது' என்பது தகவல். கேட்பவர் தலைவன் என்ற சொல்லைத் தானே போட்டுக்கொள்வார். அடக்கமானவர்களுக்கு இந்த வழி இயல்பாகவே பொருந்தும், ஏனென்றால் இதில் பெயரடையே தேவையில்லை.

வழக்கமான வடிவம் சூழல், பொறுப்பு, செயல், விளைவு. இரண்டு நிமிடத்துக்குள். சூழலும் பொறுப்பும் சேர்த்து அரை நிமிடம், செயலுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல், விளைவுக்கு மிச்சம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பழைய நிறுவனத்தின் பின்னணியை ஒன்றரை நிமிடம் விளக்கிவிட்டு, தான் செய்ததை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். இன்னொன்று 'நாங்கள்'. மரியாதைக்காக 'நாங்கள் முடித்தோம்' என்று சொல்லிச் சொல்லி, நீங்கள் எதையுமே செய்யாதவர் போலத் தெரியும். குழுவை ஒரு முறை 'நாங்கள்' என்று சொல்லுங்கள், உங்கள் பங்கை 'நான்' என்று சொல்லுங்கள்.

ஏழெட்டு நிகழ்வுகளைத் தயார் செய்தால் பெரும்பாலான கேள்விகளுக்குப் போதும். சண்டை, தோல்வி, கெடு, கற்றது, முடியாது என்று சொன்னது, யாருக்கோ சொல்லிக்கொடுத்தது ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாவது இருக்கட்டும். வாய்விட்டுச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். இரண்டாம் மொழியில் பதற்றம் வந்தால் முதலில் கெடுவது வேகம், வார்த்தை அப்புறம்தான். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யலாம். முழுதும் மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி வந்ததும் கோட்டை விட்டுவிடுவீர்கள்.

10. கம்பெனிக்காரங்க பர்சனாலிட்டி டெஸ்ட் அனுப்பியிருக்காங்க. எப்படிப் பதில் போட்டா பாஸ் ஆகலாம்?

எல்லாவற்றுக்கும் 'மிகவும் ஒத்துக்கொள்கிறேன்' என்று அடித்தால் மாட்டுவீர்கள். ஒரே விஷயத்தைப் பல இடங்களில் திருப்பிப்போட்டுக் கேட்டிருப்பார்கள், 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை' போன்ற பொறிகளும் சில சோதனைகளில் உண்டு. வேலை இடத்தில் உங்களை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் எப்படி என்பதை அவர்கள் கேட்கவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கென்று மூன்று தனிச் சிக்கல்கள் உண்டு. முதலாவது, எப்போதும் நடுக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம். அடக்கமாகத் தோன்றும், ஆனால் உங்கள் எல்லாப் பண்புகளையும் தட்டையாக்கிவிடும். இரண்டாவது, ஒப்பீடு. 'நான் நேரம் தவறாதவன்' என்ற வாக்கியத்துக்கு நாம் பதில் சொல்வது நம்மைச் சுற்றி இருந்தவர்களோடு ஒப்பிட்டு. கறாரான சூழலில் வளர்ந்த மிக ஒழுங்கான ஆள் தன்னைச் சுமார் என்று குறித்துக்கொள்வார். ஹெய்னும் சகாக்களும் 2002இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பதில் சொல்லும்போது அந்தப் பணியிடத்தின் சராசரி ஊழியரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மொழி. இரு மொழி தெரிந்தவர்கள் ஒரே சோதனையை ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் செய்தபோது ஆங்கிலத்தில் சற்றே வெளிமுகத்தன்மை கூடியவர்களாக வந்தார்கள் என்று 2006இல் ஓர் ஆய்வு கண்டது. எந்த மொழியில் வேலை செய்யப்போகிறீர்களோ அந்த மொழியிலேயே எழுதுவது பொதுவாக நல்லது. வாக்கியமே புரியாவிட்டால் மட்டும் உங்கள் மொழிப் பிரதி உண்டா என்று கேளுங்கள். நேரக் கட்டுப்பாடு உண்டா என்பதையும் தொடங்கும் முன்பே கேட்டுவிடலாம், தப்பில்லை.

11. 'மன்னிக்கவும், வேறொருவரைத் தேர்ந்தெடுத்துள்ளோம்'னு மெயில் வந்தா ரெண்டு நாள் எந்திரிக்கவே முடியல. நான் ரொம்ப பலவீனமா?

மன நிதானம் சிலருக்கு இயல்பாகவே குறைவு. அது குற்றமும் இல்லை, வேலை கிடைக்காமல் செய்துவிடும் அளவுக்குப் பெரிய தடையும் இல்லை. 2இல் சொன்ன தொகுப்பில் அதற்கும் தேடல் தீவிரத்துக்கும் தொடர்பு அநேகமாக இல்லை. இழப்பு அந்த இரண்டு நாளில்தான். அதைச் சுருக்குவதே நோக்கம்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலையிழந்தவர்களுக்காக உருவாக்கிய ஜாப்ஸ் என்ற பயிற்சியில் ஒரு பகுதி முழுக்க முழுக்க இதற்கானது: பின்னடைவு வருவதற்கு முன்பே அதை எதிர்பார்த்து, வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுத்து வைப்பது. ஒரு தாளில் எழுதுங்கள். 'மறுப்பு மெயில் வந்தால், அதைக் கோப்பில் போட்டுவிட்டு, அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து, ஒரு பழைய சக ஊழியருக்கு எழுதுவேன்.' இப்படி 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று எழுதிவைப்பது வெறுமனே உறுதி எடுப்பதைவிடப் பலன் தருகிறது என்று கால்விட்சரும் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். இரவில் மெயில் பார்க்காமல் இருப்பதும் ஒரு ஏற்பாடுதான்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் அது குணம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.

12. கையில காசில்ல. கிடைச்ச வேலைக்குப் போயிடட்டுமா, இல்ல என் துறையிலயே காத்திருக்கட்டுமா?

வாடகைக்கு வேண்டும் என்றால் போங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது எந்த வேலை, எத்தனை மாதம் என்பதை. சும்மா இருப்பதற்கும் விலை உண்டு: அமெரிக்காவில் சுமார் 12,000 போலி பயோடேட்டாக்களை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், வேலையில்லாத காலம் நீள நீள அழைப்பு குறைந்தது, அந்தச் சரிவில் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களுக்குள். மறுபக்கம், தகுதிக்கு மிகக் கீழான வேலையில் இருப்பதும் பயோடேட்டாவைக் கெடுக்கிறது என்று பெடுலா 2016இல் கண்டார்.

ஆகவே பக்கத்து வேலையைத் தேடுங்கள். மருந்தாளர் என்றால் மருந்தக உதவியாளர், பொறியாளர் என்றால் வரைவாளர் அல்லது தரச் சோதனை, கணக்காளர் என்றால் பில் பதிவு. சம்பளம் குறைவாக இருந்தாலும் துறைச்சொற்கள் காதில் விழும், ஆட்களைத் தெரியவரும், உள்ளூர் அனுபவம் என்ற ஒரு வரி கிடைக்கும். அதுவும் கிடைக்காவிட்டால், வார நாளில் இரண்டு பகல்பொழுதாவது நேர்காணலுக்குக் காலியாக இருக்கும் வேலையாகப் பாருங்கள். ஒழுங்கான, இணக்கமான ஆட்கள் இதில்தான் சிக்குகிறார்கள். மேலாளர் கேட்டதும் கூடுதல் நேரத்துக்குத் தலையாட்டி, ஒரு வருடம் கழிந்ததே தெரியாமல் போய்விடும். வெளியேறும் மாதத்தை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

13. வேலை குடுத்துட்டாங்க, சம்பளம் கம்மி. கேட்டா கோவிச்சுப்பாங்களோன்னு பயமா இருக்கு.

இணக்கம் அதிகமுள்ளவர்கள் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள், ஆண்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிது என்று ஜட்ஜும் சகாக்களும் 2012இல் காட்டினார்கள். ஒரே வாக்கியத்தில் கேளுங்கள்: 'இந்தப் பதவிக்கு இங்கே இன்ன தொகை முதல் இன்ன தொகை வரை என்று பார்த்தேன், மேல்பாதிக்கு அருகில் வர முடியுமா?' சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனத்தைத் தாங்க முடியாமல் 'பரவாயில்லை, இதுவே போதும்' என்று நாமே சொல்லிவிடுவதுதான் வழக்கமான தோல்வி. பழைய நாட்டுச் சம்பளத்தை மாற்று விகிதத்தில் கணக்குப் போட்டு 'அதைவிட மூன்று மடங்காச்சே' என்று திருப்திப்படுவது இன்னொன்று.

14. குணத்தையே மாத்திக்க முடியுமா?

கொஞ்சம், மெதுவாக. ராபர்ட்ஸ் குழு 2017இல் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சராசரியாக 24 வாரச் சிகிச்சை அல்லது பயிற்சியில் பண்புகள் அளவிடும்படி நகர்ந்தன. அதிகம் நகர்ந்தது மன நிதானம். ஹட்சன் குழுவின் 2019 சோதனை 15 வாரம் நடந்தது. மாற விரும்பி, வாரா வாரம் சின்னச் சின்னச் சவால்களைச் செய்து முடித்தவர்கள் மாறினார்கள். சவாலை ஏற்றுக்கொண்டு செய்யாதவர்கள் மாறவில்லை. எனவே சவால் சிறியதாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும்: கடைக்காரரிடம் ஒரு கூடுதல் கேள்வி, கூட்டத்தில் ஒரு கருத்து.

ஆனால் வேலை தேடும் அவசரத்தில் குணத்தோடு மல்லுக்கட்டுவதைவிடத் தேடும் முறையைக் கற்பது வேகமான வழி. லியூ, ஹுவாங், வாங் மூவரும் 2014இல் 47 சோதனைகளைத் தொகுத்தபோது, தேடல் பயிற்சி பெற்றவர்களில், வேலை கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் உள்ள விகிதம் மற்றவர்களைப்போல 2.67 மடங்கு இருந்தது. திறனையும் ஊக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தவைதான் எடுபட்டன. பயோடேட்டா எழுத மட்டும் கற்றுத்தரும் வகுப்பையோ, கைதட்ட மட்டும் வைக்கும் வகுப்பையோ விட்டு, இரண்டும் உள்ளதாகத் தேடுங்கள்.

15. முன்ன நான் இப்படி இல்ல. ஒரு வருஷமா வேலை இல்லாம என் சுபாவமே மாறிப்போச்சு. இது நடக்குமா?

நடக்கும். ஜெர்மனியில் 6,769 பேரைச் சில ஆண்டுகள் இடைவெளியில் அளந்த பாய்ஸ் குழு, வேலையிழந்தவர்களின் இணக்கமும் பொறுப்புணர்வும் புதுமை நாட்டமும் இறங்கியதை 2015இல் எழுதியது. மறுபடி வேலை கிடைத்தவர்களிடம் பெரிய மாற்றம் எஞ்சவில்லை. இப்போது உங்களிடம் தெரியும் சோம்பலும் எரிச்சலும் வேலையில்லாமையின் விளைவாக இருக்கலாம். அதையே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம்.

16. நானும் என் வீட்டுக்காரரும் ஒரே படிப்பு, ஒரே நாள்ல வந்தோம். அவருக்கு மூணு மாசத்துல வேலை. எனக்கு ஒண்ணரை வருஷமாச்சு. அப்போ என் குணத்துலதானே கோளாறு?

இரண்டு பேரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. குணத்துக்குக் கைவைக்கும் முன் மற்றவற்றைக் கழித்துப் பாருங்கள். அவர் வேலை வாய்ப்பை வைத்து விசா வாங்கி வந்தாரா, நீங்கள் துணையாக வந்தீர்களா? அவர் பார்க்கும் பிரிவுக்கு உரிமம் வேண்டாம், உங்களுடையதற்கு வேண்டும் என்ற நிலையா? குழந்தையைப் பார்த்துக்கொண்டு தேடும் நேரம் வாரத்துக்கு ஆறு மணியா, அவருக்கு முப்பதா? பயோடேட்டாவில் உங்களுக்கு இடைவெளி விழுந்துவிட்டதா? 12இல் சொன்ன எட்டு மாதக் கணக்கு இங்கே வேலை செய்திருக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் வித்தியாசம் விளங்கவில்லை என்றால், தற்செயல் என்று ஒன்றும் இருக்கிறது. ஒரே ஒரு மேலாளர் ஒரு செவ்வாய்க்கிழமை நல்ல மனநிலையில் இருந்ததே ஒருவருடைய கதையை மாற்றிவிடும்.

குணத்தைச் சோதித்தே ஆக வேண்டும் என்றால் சோதனையாகச் செய்யுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரே ஒரு நடத்தையை மாற்றி, 7இல் சொன்ன நான்கு எண்களில் எது நகர்கிறது என்று பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. முதல் மாதத்துக்கு ஒரு யோசனை: வேலைக்குப் போகிற அவர் தினமும் பார்க்கும் ஆட்கள் அனைவரும் உங்களுக்கு மிதமான தூரத்துப் பழக்கம்தான். அவர்களில் உங்கள் துறைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று இன்றைக்கு ராத்திரி அவரிடம் கேட்டு மூன்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள், ஐந்து வரிக் கடிதத்தை நாளை காலை நீங்களே அனுப்புங்கள்.